பழவேற்காட்டு இறாலும் அமெரிக்கப் பூட்டும்

பொருளாதாரத் தடைன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது கியூபா, ஈரான், ஈராக். எண்ணெய்க் கப்பல், ஐ.நா. சபை, கோட்டு போட்ட பெரிய மனுஷங்க. பழவேற்காடு ஏரியில வலை கட்டறவருக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு மக்களே. ஒண்ணு இல்ல, ரெண்டு தடை அந்த ஏரிக்கரையோரமா வந்து போயிருக்கு. ஒண்ணு எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணை யாரும் கண்டுக்கலை. என் வயித்தெரிச்சல் அந்த ரெண்டாவதைப் பத்தித்தான்.

தெரிஞ்சதை முதல்ல முடிச்சிடறேன். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல கிடக்கற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. இஸ்ரோ ரஷ்யாக்காரங்களோட கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துகிட்ட கிரையோஜெனிக் எஞ்சினும் அதோட தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுதுன்னு சொல்லி, 1992 மே மாசம் அமெரிக்கா ரெண்டு பேர் மேலயும் ரெண்டு வருஷத் தடை போட்டது. விக்கிறவன் ரஷ்யன், வாங்கறவன் இந்தியன், தடை போடறவன் மூணாவது ஆள்! 1993-ல ரஷ்யா இறங்கி வந்து, எஞ்சின் மட்டும் தர்றோம், தொழில்நுட்பம் கிடையாதுன்னுட்டாங்க. அப்புறம் நாமளே உக்காந்து செஞ்சோம். 2014 ஜனவரி 5-ந்தேதி சொந்த எஞ்சினோட ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமா போச்சு. 2025 ஜூலை 30-ந்தேதி அதே ஜி.எஸ்.எல்.வி. வகை ராக்கெட்டுலதான் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செஞ்ச நிசார் செயற்கைக்கோள் ஏறிப் போச்சு. பாராட்ட வேண்டிய விஷயம், பாராட்டியாச்சு. ராக்கெட் விடற நாள்ல பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாதுன்னு அறிவிப்பு வரும், அன்னிக்கு வருமானத்துல துண்டு விழும்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லிட்டு ரெண்டாவதுக்கு வர்றேன்.

அது இறால்.

1989 நவம்பர்ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்தது. பொதுச் சட்டம் 101-162, பிரிவு 609. கடல் ஆமைகளைக் கொல்ற விதத்துல பிடிச்ச இறாலை எங்க நாட்டுக்குள்ள விடமாட்டோம்ங்கிறதுதான் சாராம்சம். ஆமை நுரையீரலால மூச்சு விடற ஜீவன், அப்பப்ப மேல வந்தாகணும். விசைப்படகு இழுக்கற மடிக்குள்ள மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிச் செத்துப் போகும். அதுக்கு மருந்து, வலைக்குள்ள சாய்வா ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பி இடுக்குல நுழைஞ்சு பின்னாடி போயிடும், ஆமை சட்டத்துல மோதி மேலயோ கீழயோ இருக்கற ஓட்டை வழியா வெளிய போயிடும். ஆமை விலக்கிச் சாதனம்னு சொல்றாங்க. கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்கு ஏத்த மாதிரியே ஒண்ணு வடிவமைச்சும் கொடுத்திருக்கு.

முதல்ல இந்தச் சட்டத்தைக் கரீபியன் பக்கத்து நாடுகள் மேல மட்டும்தான் காட்டினாங்க. எர்த் ஐலண்ட் இன்ஸ்டிட்யூட்ங்கிற அமைப்பு கேஸ் போட, 1995 டிசம்பர்ல அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் உலகம் பூரா அமல்படுத்துன்னு சொல்லிடுச்சு. கெடு 1996 மே 1. கரீபியன்காரங்களுக்கு மூணு வருஷம் அவகாசம், நமக்கு நாலே மாசம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு பேரும் உலக வர்த்தக அமைப்புக்கு ஓடினாங்க. (இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் உக்காந்த அபூர்வக் காட்சி. இறாலுக்கு எவ்ளோ சக்தி பாருங்க :-))

1998 அக்டோபர்ல மேல்முறையீட்டு அமைப்பு சொன்ன தீர்ப்பை நம்மாளுங்க பல பேர் "ஜெயிச்சுட்டோம்"னு மட்டும் ஞாபகம் வெச்சிருக்காங்க. பாதிதான் உண்மை. ஆமையைக் காப்பாத்த இப்படி ஒரு சட்டம் போடறது தப்பில்ல, அதை நாட்டுக்கு நாடு பாரபட்சமா நடத்தினதுதான் தப்புன்னு சொன்னாங்க. "தீர்ந்து போகும் இயற்கை வளம்"னா நிலக்கரி, தாது மாதிரி உயிரில்லாத சமாச்சாரம்தான், ஆமை அதுல வராதுன்னு நம்ம தரப்புல வாதாடினது எடுபடலை. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கிட்டது. மலேசியா மறுபடி போய் 2001-ல தோத்துப்போச்சு. சட்டம் அப்படியே நின்னுது. 2019-ல இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா மறுபடியும் கதவைச் சாத்தினது இதே பிரிவு 609-ஐ வெச்சுத்தான்.

சரி, இதுல அடி யாருக்கு?

ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கா? 2023-24-ல இந்தியா ஏற்றுமதி பண்ண கடல் உணவோட மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதுல உறைய வெச்ச இறால் மட்டும் 40,013 கோடி. ரொம்ப அதிகமா வாங்கறது அமெரிக்காதான்! எப்படின்னா, பண்ணையில வளர்த்த இறாலுக்கு இந்தத் தடை கிடையாது. குளத்துல ஆமை ஏது? நோய், விலை, வனாமி இனம் வந்ததுன்னு பண்ணை பெருகினதுக்குப் பல காரணம் இருக்கு, எல்லாத்தையும் தடை மேல போட மாட்டேன். ஆனா பண்ணைச் சரக்கு கையில இருக்கற கம்பெனிக்கு இந்தப் பூட்டு ஒரு பூட்டே இல்லை.

பண்ணைன்னதும் இன்னொரு ஞாபகம். அதே 1996, டிசம்பர் 11. ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பேர் சொல்லியே, 1000 மீட்டருக்குள்ள இறால் பண்ணை கூடாதுன்னு தீர்ப்பு சொன்னது. ஏரியைக் காப்பாத்த வந்த நல்ல தீர்ப்பு. (2005-ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் கொண்டுவந்து அதை நீர்த்துப் போக வெச்சது தனிக் கதை.) ஒரே வருஷத்துல வாஷிங்டன் சட்டம் பண்ணை இறாலுக்குப் பச்சைக்கொடி காட்டுது, டெல்லி கோர்ட் அந்தப் பண்ணையாலதான் ஏரி நாசமாகுதுங்குது. இயற்கையைக் காப்பாத்தறோம்னுதான் ரெண்டு பேரும் சொன்னாங்க.

இப்ப ஏரிக்குள்ள வாங்க. பழவேற்காட்டுல பட்டினவர் கிராமங்கள்ல பாடுன்னு ஒரு முறை இருக்கு. எந்த இடத்துல, எந்த நாள், யார் சுத்து வலை கட்டறதுன்னு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. கம்பு நட்டு வலையைக் கட்டிட்டு, நீரோட்டத்தோட வர்ற இறாலுக்காகக் காத்திருக்கறது. எல்லாருக்கும் அதுல இடம் உண்டானு கேட்டா இல்லை. சாதி பார்த்துத்தான் முறை. அதுக்கு வெளிய நிக்கிற இருளர்கள் தண்ணியில இறங்கித் தடவித் தடவிக் கையாலயே இறால் பொறுக்கறாங்க. பெண்களும்தான். எஞ்சின் இல்லை, இழுவை மடி இல்லை. இவங்களால ஒரு ஆமை செத்துச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?

இதுல கூத்து என்னன்னா, இயந்திர உதவியில்லாம கையால இழுக்கற வலையில பிடிச்ச இறாலுக்கு அந்த அமெரிக்க விதிகளிலேயே விலக்கு இருக்கு. டி.எஸ்-2031ன்னு ஒரு படிவம். இந்தச் சரக்கு இப்படித்தான் பிடிச்சதுன்னு ஏற்றுமதி பண்றவரும் அரசாங்க அதிகாரியும் கையெழுத்துப் போடணும். படிவத்துல கட்டம் இருக்கு, ஆனா ஏரிக்கரையில முன்பணம் கொடுத்து வாங்கற வியாபாரிகிட்ட அந்தக் கட்டம் கிடையாது. அவருக்கு இறால்னா இறால். சைஸ் பார்த்து ஐஸ் போட்டு ஏத்திடுவார். ஏரி இறாலும் விசைப்படகு இறாலும் ஒரே பெட்டியில விழுந்த பிறகு எது ஆமையைக் கொன்ன இறால், எது கொல்லாததுன்னு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

பொருளாதாரத் தடைகளோட குணமே இதுதான்னு எனக்குத் தோணுது. 1996-லயே வந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தால கியூபாவுல சுரங்கம் நடத்தின கனடாவின் ஷெர்ரிட் கம்பெனி அதிகாரிகளை அமெரிக்காவுக்குள்ளயே விடலை. ஆனா அவங்களுக்காகப் பேச ஒட்டாவா இருந்தது. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு, அந்தத் தடைக்குக் கட்டுப்படாதேன்னு சொல்ல அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் தனிச் சட்டமே போட்டது. இஸ்ரோவுக்குப் பின்னாடி ஒரு அரசாங்கமே நின்னுது. தடவிப் பிடிக்கிற அக்காவுக்குப் பின்னாடி யாரு?

அதுக்காக ஆமையை விட்டுடலாம்னு நான் சொல்லலை. "அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒழிக"ன்னு எழுதிட்டுப் போறது சுலபம். ஆனா 2025 ஜனவரியில சென்னை வட்டாரக் கடற்கரையில ஆயிரத்துக்கும் மேல பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினதே, அதை எந்த வெள்ளைக்காரனும் வந்து பண்ணலை. கரையோரம் 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுக்கக்கூடாதுன்னு நம்ம ஊர் விதியே இருக்கு. அதை மதிச்சிருந்தாலே பாதி ஆமை பிழைச்சிருக்கும்ங்கிறது என் கணிப்பு. அந்த 5 மைலுக்குள்ள தொழில் பண்றது சின்னப் படகுக்காரங்க. விசைப்படகு உள்ள வந்தா ஆமையும் சாகுது, இவங்க வலையும் கிழியுது. ஆமையும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கட்சி சார்.

ஜெனிவாவுல போய் "ஆமை தீர்ந்து போகிற வளமில்லை"ன்னு வாதாடச் செலவழிச்ச நேரத்துல, இங்க மடியில கம்பிச் சட்டம் மாட்ட வெச்சிருக்கலாம். அதுக்கு ஆகற செலவை விசைப்படகு முதலாளியும் ஏற்றுமதியாளரும் பாதிப் பாதி ஏத்துக்கட்டும், 40,000 கோடி வியாபாரத்துல அது ஒரு காசா? அப்புறம் பழவேற்காட்டு ஏலத்துல ஏரி இறாலுக்குத் தனிப் பெட்டி, தனிச் சீட்டு. மீன்வளத்துறை ஆள் ஒருத்தர் காலையில வந்து, சுத்து வலையா, கைத்தடவலா, கடல் மடியான்னு பார்த்து முத்திரை குத்தணும். படிவத்துல அந்தக் கட்டம் பல வருஷமா காலியா கிடக்கு.