பொறித்திரையில் தமிழ் எங்கே?

கூடுவாஞ்சேரியை விட்டுத் தெற்கே செல்லும் தொடர்வண்டி, போத்தேரியையும் காட்டாங்கொளத்தூரையும் கடந்து அடுத்து நிற்குமிடம் மறைமலைநகர். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்து, பல்லாவரத்தில் வாழ்ந்து, 1950-இல் மறைந்த அடிகளாரின் பெயரைத் தாங்கிய தொழில் நகர் அது. ஊர்ப்பெயர்ப் பலகையில் அடிகளார் இருக்கின்றார். உள்ளே சென்று பட்டறைகளில் ஓடும் பொறிகளின் திரைகளைப் பாருங்கள். தமிழெழுத்தைக் காண்பது அரிது. இதனால் உழைப்பவனுக்கு வரும் கேடு எத்தகையது என்பதை ஒரே ஒரு பொறியைக் கொண்டு காட்ட விழைகின்றேன்.

கதவும் பேழையும் சமையலறைத் தட்டுகளும் செய்வோர் இன்று ஒட்டுப்பலகையைக் கையால் அறுப்பது குறைந்து வருகின்றது. 2440 மில்லிமீட்டர் நீளமும் 1220 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகையை ஒரு மேடைமேல் கிடத்த, கீழிருந்து காற்றுறிஞ்சி அதனைப் பிடித்துக்கொள்ளும். கணிப்பொறி ஆணையிட, சுழலும் வெட்டுமுனை இறங்கி வெட்டும். பட்டறையார் இதனைச் சி.என்.சி. என்பர். ஒரு பலகைக்குள் எந்தெந்த உறுப்பை எங்கெங்கு வைத்தால் துண்டு மிஞ்சாது என்று கணித்து அடுக்குவதற்கு 'நெசுட்டிங்' என்று பெயர். நம் தையற்காரர் துணியை விரித்து, கையையும் கழுத்தையும் முதுகையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வெட்டுகின்றாரே, அதே கலைதான். செறிவடுக்கு எனலாம்.

இப்பொறியை இயக்கும் மென்பொருளை அவ்வப்போது இற்றைப்படுத்த வேண்டியிருக்கின்றது. இடர் புகுவது அங்கேதான். இப்பகுதிப் பட்டறை ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணாக்கன் ஒருவன் சொன்ன செய்தி இது. புதிய பதிப்பு நிறுவப்படுகையில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வினா தோன்றியது. அதன் பொருள்: "இப்போதுள்ள அமைப்புகளை அழித்துவிட்டு, தொடக்க அமைப்புகளை வைக்கலாமா?" பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, தொழிற்பயிற்சி பெற்ற பிள்ளை. கைத்திறன் மிக்கவன். "ஐயா, அது என்ன கேட்டதென்றே எனக்கு விளங்கவில்லை. 'எசு' என்றிருந்ததை அழுத்தினால்தான் மேற்கொண்டு போகும் என்று நினைத்தேன்" என்றான். அழுத்தினான். வெட்டுமுனைகளின் நீளப் பட்டியல் மாறிப்போயிற்று. மறுநாட் காலை முதற் பலகையிலேயே முனை பலகையைத் துளைத்து, அடிப்பலகையையும் துளைத்து முறிந்தது. தெறித்த துண்டு காப்புத்திரையில் மோதி விழுந்தது. அத்திரை இராவிடின் எங்கே பாய்ந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இழப்பு அவன் கூலியில் பிடிக்கப்பட்டது.

இங்கே நடந்ததன் கரணியத்தை நம் அன்பர்கள் அறிதல் வேண்டும். பொறிக்குக் கண் இல்லை. முனை 80 மில்லிமீட்டர் நீளமாக இருக்க, பட்டியலில் 60 என்று பதிந்திருப்பின், அது 20 மில்லிமீட்டர் மிகுதியாக இறங்கும். அளவை மாறினாலும் இத்தகைய கேடே. பொறிமொழியில் ஜி 20 என்பது அங்குலத்தையும் ஜி 21 என்பது மில்லிமீட்டரையும் குறிக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இற்றைப்படுத்தலில் ஒன்று மற்றொன்றாக மாறின், 600 மில்லிமீட்டர்க் கதவை 600 அங்குலம் என்று கொண்டு பொறி மேடையின் எல்லைக்கு அப்பால் செல்ல முயலும். எல்லை கடந்ததென்று கூவி நிற்கும். கூவுவதும் ஆங்கிலத்தில்தான். வரைவை வெட்டாணையாக மாற்றும் இடைநிரல் ஒன்றுண்டு. வரைவு மென்பொருள் புதிதாகி, இடைநிரல் பழையதாகவே நின்றால், ஆணைகள் பிறழும். 2017-இல் வந்த விண்டோசு 10 பதிப்பு முதலாக, பழைய கோப்புப் பகிர்வுமுறை ஒன்று புதிதாக நிறுவும் கணினிகளில் இடம்பெறுவதில்லை. அதனால் அலுவலறைக் கணினியை மாற்றிய மறுநாள், பழைய பொறி தன் கோப்புறையைக் காணாமல் விழிப்பதுண்டு. பொறி கெட்டதென்று எண்ணி அதனைக் கழற்றிப் பார்ப்போரும் உளர்!

தீர்க்கும் வழியும் கடினமன்று. இற்றைப்படுத்து முன்னர் முனைப்பட்டியல், பொறியமைப்பு, இடைநிரல் ஆகியவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல், திரைகளைப் படமெடுத்தல், பதிப்பெண்ணைக் குறித்தல், ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நிற்கையில் கைவைக்காமை. பின்னர் முனையை உயரத் தூக்கி வெற்று வெளியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கழிவுப் பலகையில் வெட்டுதல். பிழை வரின் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல்; விளங்காவிடின் பழைய பதிப்புக்கே மீளல். கருத்துள்ள தச்சர் எவரும் ஒரே நாளில் கற்கக்கூடியவையே இவை. ஆயினும் ஒவ்வொரு படியிலும் திரை ஒன்றைச் சொல்கின்றது. அதனைப் படிக்க இயலாதவன் எதனைக் கொண்டு நோய் காண்பான்? நாடி பிடிக்கும் மருத்துவனின் விரலில் உறையை மாட்டிவிட்டு நோயறியச் சொல்வதுபோல் இருக்கின்றது.

"பொறிக்கு ஆங்கிலந்தானே இயல்பு" என்று கூறுவார் உளர். பொறிக்கு எம்மொழியும் இயல்பன்று. இத்தாலியிலும் செருமனியிலும் இவ்வகைப் பொறி செய்வோர் பன்மொழித் திரைகளோடே விற்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 எண்ணுள்ள பொறி நெறிமுறை, எந்நாட்டில் பொறி விற்கப்படுகின்றதோ அந்நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு உடன்வர வேண்டும் என்கின்றது. எசுத்தோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். அவர்தம் மொழியில் கையேடு செல்கின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 6 கோடியே 90 இலக்கம் பேர். நமக்குக் கையேடு ஏன் வருவதில்லை? எசுத்தோனியன் கேட்டான், அவன் அரசு சட்டத்தைக் காட்டிக் கேட்டது. நாம் கேட்கவில்லை.

சட்டமே இங்கில்லை என்பதும் முழு உண்மையன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. சுவரில் ஒட்டும் தாளுக்கு அந்நெறி பொருந்துமாயின், விரலுக்கு அருகில் ஒளிரும் திரைக்குப் பொருந்தாதா? (பக்கத்துப் பொறியில் நிற்கும் ஒடிய இளைஞனுக்கு அவன் மொழியில் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். அவன் விரலும் விரலே.)

நம்மவர்க்கும் ஒரு சொல். 'அப்டேட்டு' என்பதற்கு இற்றைப்படுத்தலா, புதுக்கலா என்று நாம் இதழ்தோறும் வழக்காடுகின்றோம். வழக்காடுக! ஆனால் சொல்லாய்வார் பட்டறைக்குள் கால் வைத்ததுண்டா? முனை முறிந்ததைப் பாராமல் அதற்குப் பெயர் சூட்டினால், அப்பெயர் அகரமுதலியில் உறங்கும். உழைப்பவன் வாயில் ஏறிய சொல்லே வாழும். அவன் கையிற் கொடுக்காத சொல்லை அவன் வழங்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

செய்யத்தக்கன உள்ளன. தமிழ்நாட்டரசு புதிய தொழில்முனைவோர்க்குரிய 'நீட்சு' திட்டத்தில் திட்டச் செலவில் 25 விழுக்காட்டை உதவித்தொகையாக அளிக்கின்றது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்படும் பொறிக்குத் தமிழ்க் கையேடும், பிழையறிவிப்புகளின் தமிழாக்கமும் உடன்வருதல் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் அரசுக்கு என்ன தடை? விற்போர் பணத்தை இழக்க ஒருப்படார், தமிழை எழுதுவர். மூலநிரல் திறந்து கிடக்கும் லினக்சு சி.என்.சி. போன்றவற்றில் எவர் இசைவும் வேண்டாமலே திரைச்சொற்களை மொழிபெயர்க்கலாம். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதனினும் நற்பணி எது?

அரசு விழிக்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பொறியொன்றில் அடிக்கடி வரும் அறிவிப்புகள் ஒரு தாளில் அடங்கும். அவற்றின் நேர் பொருளையும், 'இதனை அழுத்தாதே', 'முதலாளியைக் கேள்', 'முனையின் நீளத்தை அளந்து பார்' என்னும் குறிப்புகளையும் தமிழில் எழுதித் திரையருகே ஒட்டலாம். மேற்சொன்ன மாணாக்கனுக்கு அவ்வாறே ஒரு தாள் எழுதிக் கொடுத்துள்ளேன்; ஆங்கிலத்தை நான் படித்துச் சொல்ல, பொறியின் செயலை அவன் எனக்கு விளக்க, இருவருமாகச் செய்தோம். ஊரப்பாக்கம் முதல் சிங்கப்பெருமாள் கோயில் வரை பட்டறை நடத்தும் அன்பர்கள், தத்தம் பொறித்திரையின் அறிவிப்புகளைப் படமெடுத்து இவ்விதழுக்கு விடுப்பின், பொறியின் பெயரும் பதிப்பெண்ணும் குறித்து விடுக்க வேண்டுகின்றேன். பதிப்புக்குப் பதிப்பு வினா மாறுகின்றது.