முன்சக்கரத்துக்கே முதல் ஆணி

பின்லாந்தின் ஊலு நகரத்தில் கடுங்குளிரிலும் சைக்கிள் நிற்பதில்லை. 2013இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு கூடியதும் அங்கேதான். அழுந்தி இறுகிய வெண்பனியில் ஆழமான பட்டன் உள்ள சாதாரண டயரே ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆபத்து பூஜ்ஜிய டிகிரியை ஒட்டித்தான்: பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடிபோல் உறைகிறது. அதன்மேல் எவ்வளவு நல்ல ரப்பரும் வழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் மட்டுமே பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும். விலை அதிகம்தான். எலும்பு முறிவோடு ஒப்பிட்டால் அதைப் பேசவே கூடாது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், மிதிப்பின் விசை பின்சக்கரத்துக்குத்தானே போகிறது என்று பலர் அதில் மாட்டுகிறார்கள். தவறு. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் கால் ஊன்றுவதற்குள் விழுந்திருப்போம். புது டயரை முதல் 40 கிலோமீட்டராவது தார்ச்சாலையில், வேகமெடுக்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டினால்தான் ஆணிகள் நன்றாகப் பதியும். பனிக்கட்டி நாளில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்கே காற்றடியுங்கள். ஓரத்து ஆணிகளும் தரையைத் தொடும். விற்கும் கடைகள் இவ்வளவையும் வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும்.