வீட்டை விட்டுக் கொடுத்தது பெருந்தன்மை இல்லைங்க, பயம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் நிர்வாகத்துல இருக்கிற அண்ணன்மார்கள் முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நாங்க மடப்பள்ளியிலயும் பூக்கட்டுற இடத்திலயும் வேலை செய்யற தொண்டர்கள். மேடை ஏறிப் பேசறவங்க இல்லை. ஆனா எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். காய் நறுக்கும்போது முந்தானையை இழுத்து இழுத்து கையை மறைக்கிற அக்காவை நாங்க பார்த்திருக்கோம். பார்த்துட்டு, "உப்பு போட்டாச்சா அக்கா?"ன்னு பேச்சை மாத்தியிருக்கோம்.

பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். 17 வருஷக் கல்யாணம். தாமான்ல ஒரு தெரஸ் வீடு. கெரான் அவர் பேர்ல, பேங்க் கடன் அவர் சம்பளத்துல. அக்காவுக்குக் கையுறை தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. மளிகை, ஸ்கூல் பஸ், லைட் பில், மாமியார் மருந்து எல்லாம் அக்கா சம்பளத்துல போச்சு. அதனால பேங்க் புத்தகத்துல அவர் கட்டின பணம் தெரியும், அக்கா கட்டினது எங்கேயும் தெரியாது. ஒருமுறை அடி தாங்காம போலீஸ் ரிப்போர்ட் செஞ்சாங்க. கோயில் பெரியவங்க கூப்பிட்டுப் பேசினாங்க. அடுத்த வாரமே வாபஸ். பக்கத்துல உட்கார்ந்து "பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்கக்கா"ன்னு சொன்னது நாங்களும்தான்.

கடைசியில பிரிஞ்சாங்க. அவர் வெச்சது ஒரே நிபந்தனை. வீட்டுல பங்கு கேட்காம இருந்தா கையெழுத்து, கேட்டா பிள்ளைங்களை விடமாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து போடற மனுவுல, வீடு வேண்டாம், ஜீவனாம்சமும் வேண்டாம்னு அக்கா எழுதிக் கொடுத்துட்டாங்க. லாயர் யாருன்னா, அவர் பார்த்த லாயர். லாயர் ஆபீசுக்குக் கார் ஓட்டிட்டுப் போனது எங்கள்ல ஒருத்தர். திரும்பி வந்து, "தங்கமான மனசு, பெருந்தன்மையா விட்டுக் கொடுத்துட்டாங்க"ன்னு நாங்களே புகழ்ந்தோம்.

அக்கா இப்ப பிபிஆர் பிளாட்ல ரெண்டு பிள்ளைங்களோட வாடகைக்கு. போன திருவிழாவுல ஒருநாள் உபயம் அவரோடது. மைக்ல பேர் வாசிச்சு மாலை போட்டோம். அந்த மாலையைக் கட்டினது யாருன்னு மடப்பள்ளியில இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம்தான் எங்களுக்கு உறுத்த ஆரம்பிச்சு, சட்டத்துல என்ன இருக்குன்னு தேடிப் படிச்சோம். முன்னாடியே படிச்சிருக்கணும்.

முஸ்லிம் அல்லாத நமக்கு இருக்கிறது 1976-ஆம் ஆண்டு திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அதுல 76-வது பிரிவுதான் சொத்துப் பங்கீடு. முன்னாடி, ஒருத்தர் மட்டும் சம்பாதிச்சு வாங்கின சொத்துன்னா அவருக்குத்தான் பெரிய பங்கு. 2018 டிசம்பர் 15 முதல் அது மாறிடுச்சு. வீட்டைப் பார்த்துக்கிட்டது, பிள்ளைங்களை வளர்த்தது, குடும்பச் செலவுக்குக் கொடுத்தது, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்கங்கிறது எல்லாத்தையும் பார்த்து, சரிபாதியை நோக்கித்தான் நீதிமன்றம் சாயணும். ஆக, கெரான் யார் பேர்ல இருந்தாலும், அக்கா அந்த வீட்டுக்கு வெளியாள் இல்லை. இதை அன்னிக்கு அவங்களுக்குச் சொல்ல எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியலை.

ஆனா அந்தப் பட்டியலை எத்தனை தடவை படிச்சாலும் அடி உதை அதுல இல்லை. இதே சட்டத்தோட 78-வது பிரிவு, ஜீவனாம்சம் முடிவு பண்ணும்போது கல்யாணம் முறிஞ்சதுக்கு யார் எவ்வளவு பொறுப்புன்னும் பார்க்கச் சொல்லுது. கள்ளத்தொடர்பு வெச்ச மூணாம் ஆள்கிட்ட நஷ்டஈடு கேட்கவும் அந்தச் சட்டத்துல வழி இருக்கு. வீட்டைப் பிரிக்கும்போது மட்டும், அந்த வீட்டுக்குள்ள நடந்த அடியைப் பார்க்கணும்னு எழுதி வைக்கலை. இது என்ன கணக்குங்க?

ஆஸ்திரேலியாவுல 2025 ஜூன் 10 முதல் இதை எழுதியே வெச்சுட்டாங்க. குடும்ப வன்முறை ஒருத்தரை எப்படிப் பாதிச்சுது, அவங்க பங்களிப்பை எவ்வளவு கஷ்டமாக்கிச்சுன்னு பார்த்துத்தான் சொத்தைப் பிரிக்கணும். பணத்தைப் பிடுங்கி வெச்சுக்கிறதும் அங்க வன்முறைதான். பெர்த்லயும் மெல்பர்ன்லயும் சொந்தக்காரங்க இருக்கிறவங்க கேட்டுப் பாருங்க. அடி வாங்கின கையோட காலை ஷிப்ட்டுக்குப் போய், வந்து சமைச்சு, பிள்ளைங்களைப் படிக்க வெச்சது சாதாரண உழைப்பு இல்லைங்க. அதுக்குக் கூடுதல் மதிப்பு கேட்கிறது பேராசையும் இல்லை.

இங்க 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல சட்டம்தான். பாதுகாப்பு உத்தரவு வாங்கினா, வீடு அவர் பேர்லயே இருந்தாலும் அவரை வெளியே இருக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. நாமதான் எப்பவும் அடி வாங்கினவங்களை வெளியே வரச் சொல்றோம். காயத்துக்கும், தனியா குடிபோன செலவுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். நகையை ஏமாத்தி எடுத்து பணக்கஷ்டத்துல விடறதும் 2017 திருத்தத்துக்கு அப்புறம் குடும்ப வன்முறைதான். (பொண்டாட்டி நகையை அடகு வெச்சுட்டு வந்து கோயிலுக்கு வேல் வாங்கித் தர்றவங்க கவனிக்கணும்.) ஆனா பாதுகாப்பு ஒரு வழக்கு, சொத்து வேற வழக்கு. பயம் மட்டும் ரெண்டு பக்கமும் கூடவே போகுது. பயந்துபோய் கையெழுத்து போட்டவங்களோட வீடு நீதிபதி முன்னாடி பேச்சுக்கே வராது. 76-வது பிரிவுல எவ்வளவு நல்லது எழுதியிருந்தாலும் அவங்களைப் போய்ச் சேராது.

"பொய் கேஸ் போடுவாங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னார். போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் பார்க்கத்தானே கோர்ட் இருக்கு? "ஆம்பளைங்களும் அடி வாங்கறாங்க"ன்னு இன்னொருத்தர். வாங்கறாங்க, அவங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கறோம்.

"இதெல்லாம் கோயில் விஷயமா?" இதுக்குத்தான் எங்களுக்குக் கோபம் வருது. கோயில் குருக்களைத் துணைத் திருமணப் பதிவாளரா நியமிக்கவே சட்டத்துல இடம் இருக்கு. மணவிலக்குக்கு முன்னாடி போற சமரசக் குழுவுல, சமய அமைப்புகள் வைக்கிற குழுவும் சேரும். தாலி கட்டி வைக்கும்போது கோயில் விஷயம், சேர்ந்து வாழுங்கன்னு பஞ்சாயத்து பண்ணும்போது கோயில் விஷயம், வீடு யாருக்குன்னு கேட்டா மட்டும் குடும்ப விஷயமா?

வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல நாங்க ஒரு தீர்மானம் கொண்டு வர்றோம். அடி உதை இருக்கிற வீட்டுக்கு இந்தக் கோயில்ல யாரும் சொத்து சமரசம் பேசக் கூடாது. ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கச் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது. தனக்குன்னு ஒரு லாயரையோ சட்ட உதவித் துறையையோ பார்க்காம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட வேண்டாம்னு பெண்கள் கழிப்பறைக் கதவுக்குப் பின்னாடி ஒட்டணும். அங்கதான் தனியா நின்னு படிக்க முடியும். 76-வது பிரிவுல வன்முறையைச் சேர்க்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியாச்சு, கையெழுத்துத் தாள் பூக்கட்டுற மேசையில இருக்கும்.

உறுப்பினர் சந்தா கட்டாதவங்க கட்டிடுங்க, இல்லேன்னா ஓட்டு கிடையாது. இப்பவே உதவி வேணும்னா தாலியான் காசே 15999, எந்த நேரமும் கூப்பிடலாம். எங்ககிட்ட பேசணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடப்பள்ளிக்கு வாங்க. இந்தத் தடவை பேச்சை மாத்த மாட்டோம்.