தட்டிய கைக்குப் பங்கு எங்கே?

ரீமிக்ஸ் கலையா, களவா? இசை உலகில் ஓயாத வழக்கு இது. கலைதான், தடுக்காதே என்கின்றனர் ஒரு சாரார். களவுதான், உரிமை எமதே என்று பத்திரத்தை நீட்டுகின்றனர் இசைக் கம்பெனி முதலாளிகள். இரு சாராரும் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

அவர் பெயர் கிரிகரி கோல்மன். அமெரிக்கக் கறுப்பினத் தோழர். வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர். 1969இல் வெளிவந்த 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டில் ஏறத்தாழ 7 விநாடி தனித்துத் தட்டினார். 1980களில் மின்கருவிகள் பெருகின. அந்த 7 விநாடியை வெட்டினர், ஒட்டினர், விரைவுபடுத்தினர். ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அதுவே அடித்தளமாயிற்று. இங்கிலாந்தில் 'ஜங்கிள்' என்ற புது இசை வகையே அதன்மீது எழுந்தது.

கோல்மனுக்குக் கிடைத்த ராயல்டி எவ்வளவு? காலணாவும் இல்லை! 2006இல் அட்லாண்டாவில், வீடற்ற ஏழையாக மாண்டார்.

சட்டத்தை இறுக்கியிருந்தால் வாழ்ந்திருப்பாரா? அதுவும் ஐயமே. பதிப்புரிமை இருந்தது குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சரிடம். 2015இல் பிரிட்டன் இசை அன்பர்கள் திரட்டிய 24,000 பவுனும் அவருக்கே சென்றது. ஸ்பென்சரைக் குறை கூறோம். அதுவரை அவரும் ஏமாற்றப்பட்டவரே. தட்டிய கைக்கு ஏட்டில் இடமில்லை என்பதையே சுட்டுகிறோம்.

எடுத்தாள்வதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 'ஆமென், பிரதர்' கூட ஒரு தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்ததே! ஆனால் நெய்தவனுக்குக் கூலி தராமல், சேலையை வெட்டித் தைத்து விற்பது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டில் என்ன நிலை? 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமது ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது. நிகழ்த்துவோருக்கும் ராயல்டி உண்டு என்றது. வரவேற்கிறோம்! ஆனால் சட்டத்தில் ஒரு பொந்தும் இருக்கிறது. படத்தில் தற்செயலாக, சிறிதளவு பங்கேற்று, வழக்கமாகப் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதவரை நிகழ்த்துநராகக் கொள்ள வேண்டியதில்லையாம்! தவில் தட்டியவர், வயலின் இழுத்தவர், கோரஸ் பாடியவர் ஆகியோரில் எத்தனை பேர் பெயர் திரையில் வருகிறது? அந்தப் பொந்து வழியே யாரைத் தள்ளுவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத தொழிலாளி எந்தக் கணக்கைக் காட்டிக் கூலி கேட்பான்? ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு பதிவிலும் வாசித்தோர், பாடியோர் அனைவர் பெயரும் ஏறட்டும். ரீமிக்ஸ் வரட்டும், வருமானமும் வரட்டும். அதில் முதல் பங்கு உழைத்த கைக்குச் செல்லட்டும்!