பரணுக்குப் போன டெலஸ்கோப்

குழந்தை கேட்டதென்று டெலஸ்கோப் வாங்கினீர்கள். மொட்டை மாடியில் மூன்று இரவு கண்ணை இடுக்கிப் பார்த்தும் ஒரே இருட்டு! டெலஸ்கோப் பரணுக்குப் போயிற்று. குழந்தையும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டது. அப்படித்தானே, சகோதரி?

குற்றம் பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை. பெரிய குழலின் மேல் ஒரு சின்னக் குழல் இருக்கிறதே, அதுதான் வழிகாட்டி. இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தாக வேண்டும். பகலில், சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, தொலைவிலுள்ள கோபுரக் கலசம் ஒன்றைப் பெரிய குழலின் நடுவே கொண்டுவாருங்கள். தலைகீழாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். பிறகு சின்னக் குழலின் திருகுகளைத் திருப்பி, அதன் நடுவிலும் கலசத்தை நிறுத்துங்கள். சூரியனை மட்டும் எந்தக் குழலாலும் பார்க்கக் கூடாது; கண் போய்விடும்!

இரவில், '25 மி.மீ.' என்று போட்ட வில்லையை முதலில் பொருத்துங்கள். குழலின் குவியதூரம் 700 மி.மீ. என்றால், அது 28 மடங்கு பெரிதாக்கும். "இவ்வளவுதானா?" என்கிறீர்களா? 1610-ல் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்தான்!

வியாழன் தெரியும் இரவில் மாடிக்கு வாருங்கள். முதலில் குழந்தை பார்க்கட்டும், அடுத்தது நீங்கள். அவர் காத்திருக்கட்டுமே!