ஃபார்மெட் பண்றதுக்கு முன்னாடி பாலாலயம் பண்ணுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் ஆலய ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. நம்மகிட்ட இருக்கிறது விண்டோஸ் 10. அதுக்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. ஒரு அண்ணன் சொன்னார், "ஓடிக்கிட்டுதானே இருக்கு, விடுங்க தம்பி." இன்னொருத்தர் சொன்னார், "கடையில கொடுத்து ஃபார்மெட் பண்ணிடலாம், அரை நாள் வேலை." ரெண்டு பேருமே ஆலயத்துக்காக உழைக்கிறவங்க. ஆனா ரெண்டு யோசனையும் தப்பு.

முதல்ல, "ஓடுது, விடுங்க." 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா கம்ப்யூட்டர்கள்ல புகுந்து, ஃபைல்களைப் பூட்டி வச்சிட்டு காசு கேட்டுச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரி வேலையே முடங்கிப் போச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதே வருஷம் மார்ச்லயே வந்திருந்தது. போடாதவங்கதான் மாட்டினாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல உறுப்பினர்களோட ஐசி நம்பர், போன் நம்பர், ஆலயக் கணக்கு எல்லாம் இருக்கு. நடை சாத்திட்டுப் பூட்டுப் போடாம வீட்டுக்குப் போவோமா?

ரெண்டாவது, "ஃபார்மெட்." இதுலதான் எனக்குக் கோபம். சில வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி அவசரப்பட்டு, கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். "டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்து வச்சாச்சு"ன்னாங்க. நம்பி வந்துட்டேன். வந்து பார்த்தா, கணக்கு புரோகிராமோட டேட்டா காணோம். அது டாக்குமென்ட்ஸ்ல இல்ல, சி டிரைவ்ல தனி ஃபோல்டர்ல இருந்திருக்கு. பழைய உபயக்காரர் பட்டியலும் அதோட போச்சு. பழைய தமிழ் நோட்டீஸ் எல்லாம் பூச்சி பூச்சியா தெரிஞ்சது. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல அடிச்ச ஃபைல் அது. அந்த எழுத்துரு இல்லாட்டி தமிழ் தமிழா தெரியாது. 1985-ல நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் கொண்டுவந்த காலம் தொட்டு நம்ம ஊர்ல கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கிறோம். அத்தனை வருஷப் பழசு ஃபைல் எந்த ஆலயத்துலயும் இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. "தம்பி, எங்க வீட்டுக்காரர் மூணாம் நாள் உபயம் எந்த வருஷத்துல இருந்து செஞ்சாரு?"ன்னு கேட்டாங்க. அவர் இப்ப இல்ல. பிள்ளைங்க தொடர்ந்து செய்யணும்னு ஆசைப்படுறாங்க. எனக்குப் பதில் தெரியல. அந்த அம்மா கோபப்படல, "பரவால்ல தம்பி"ன்னுட்டுப் போயிட்டாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

கும்பாபிஷேகத் திருப்பணின்னா என்ன செய்யறோம்? முதல்ல பாலாலயம். மூலவரோட சக்தியைக் கலசத்துல ஆவாகனம் பண்ணி, வேற இடத்துல வச்சு பூஜை நடத்துறோம். அப்புறம்தான் கருவறையில உளி படும். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான்.

1. முதல்ல நகல். ரெண்டு வெளி ஹார்டிஸ்க், ஒண்ணு ஆலயத்துக்கு வெளியே இருக்கணும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்களோட கணக்கு புரோகிராமோட பேக்கப், எழுத்துரு ஃபோல்டர் எல்லாம் சேரணும். வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. திறந்து பார்க்காத நகல் நகலே இல்ல.

2. விண்டோஸ் 11-க்கு இந்த மெஷின் ஒத்து வருமான்னு மைக்ரோசாஃப்டோட இலவச பிசி ஹெல்த் செக் ஓட்டிப் பாருங்க. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 வேணும். இன்டெல்னா பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேல.

3. ஒத்து வந்தா ஃபார்மெட்டே தேவையில்ல. விண்டோஸ் 10 மேலயே 11-ஐ இலவசமா ஏத்தலாம். சொந்த ஃபைல்களையும் புரோகிராம்களையும் வச்சுக்கவான்னு கேக்கும். அதைத் தேர்ந்தெடுங்க. "எதுவும் வேணாம்"னு இருக்கிறதைத் தொடாதீங்க. பிடிக்கலேன்னா 10 நாளைக்குள்ள பழையதுக்குத் திரும்பலாம். ஆனா விண்டோஸ் 7, இல்ல 32-பிட் மெஷின்னா இந்த வழி கிடையாது. புதுசாதான் போடணும். அங்க நகல்தான் உயிர்.

4. ஒத்து வரலேன்னா, விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்துல பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் வரும். அதுக்குள்ள வேற மெஷின் பாருங்க. பழைய ஹார்டிஸ்கை உடனே தூக்கிப் போடாதீங்க.

5. ஆலயத்து இமெயில்ல பதியுங்க. என் பேர்லயோ வேற தம்பி பேர்லயோ வேணாம். விண்டோஸ் 11 டிஸ்கைப் பூட்டிட்டா, திறக்கிற சாவி அந்தக் கணக்குலதான் இருக்கும். தம்பி வேலை கிடைச்சு சிங்கப்பூர் போயிட்டா சாவியும் அவரோட போயிடும்.

"நாங்க தொண்டர்கள்தானே, இதுக்கெல்லாம் எங்க நேரம்?"னு கேப்பீங்க. உண்டியல் திறக்கும்போது மூணு பேர் உட்கார்ந்து எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுறோம். அன்னிக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருது? காசு போனா அடுத்த திருவிழாவுல திரும்ப சேரும். உபயக்காரர் பேர் போனா எங்கிருந்து வரும்? ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள ஆர்ஓஎஸ்-க்குக் கணக்கு அனுப்பணும்னு 1966-ஆம் வருஷச் சங்கச் சட்டம் சொல்லுது. "ஃபார்மெட் பண்ணிட்டோம்"னு அங்க பதில் எழுத முடியுமா?

செயலவைக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். ஆலயக் கம்ப்யூட்டரை ஒரே ஆள் முடிவுல யாரும் அழிக்கக் கூடாது. நகலை மூணு பேர் திறந்து பார்த்து, நோட்டுல கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைக்கணும்.

பக்தர்களும் வர்ற ஆண்டுக்கூட்டத்துல கேளுங்க: "நம்ம பதிவுகளோட நகல் எங்க இருக்கு? கடைசியா எப்ப திறந்து பார்த்தீங்க?" கேக்குறது குறை சொல்றதில்ல. அது உங்க அப்பா, தாத்தா பேர் இருக்கிற பட்டியல்.

சனிக்கிழமை சாயங்காலப் பூஜை முடிஞ்சதும் நான் ஆபீஸ்ல இருப்பேன். நகல் எடுக்க இன்னும் ரெண்டு பேர் வேணும். வாங்க.