கலவை கூடினால் மணி சிறுக்குமா?

கலப்புத் தனிமங்களைக் கூட்டினால் உருக்கு உறையும்போதே படிக மணிகள் பொடியாகிவிடும் என்ற நம்பிக்கை வார்ப்படப் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. அலுமினியம், நியோபியம், டைட்டானியம் என்று சான்றும் அடுக்குவார்கள். முதல் இரண்டும் இந்த வழக்குக்கே சம்பந்தமில்லாத சாட்சிகள்.

ஆக்சிஜனை நீக்கப் போடும் அலுமினியம் உருக்கின் எடையில் 0.02 முதல் 0.05 சதவீதம் வரை தங்கும். அது நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாவது உலோகம் உறைந்து முடிந்த பிறகுதான். பின்னால் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றி ஆற்றும் நார்மலைசிங் செய்யும்போது மணி எல்லைகள் நகராமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. கனத்த வார்ப்படம் மெதுவாக ஆறினாலோ, அதே நைட்ரைடு எல்லைகளில் படிந்து, கற்கண்டு உடைவதுபோல் உருக்கை முறித்துவிடும்.

நியோபியம் பலன் தருவது உருளை ஆலையில். நசுங்கிய மணிகள் புதிதாய்ப் படிகமாவதை அது தாமதப்படுத்துகிறது. அச்சில் ஊற்றும்போது அல்ல.

டைட்டானியத்தின் கதை வேறு. அதை மறுக்க மாட்டேன். டைட்டானியம் நைட்ரைடு திரவத்திலேயே பிறக்கும். அதன் அணு அடுக்குக்கும், உருக்கு உறையும்போது முதலில் உருவாகும் டெல்டா ஃபெரைட்டின் அடுக்குக்கும் வேறுபாடு சுமார் 4 சதவீதமே என்று 1970இல் உலோகவியலாளர் பிராம்ஃபிட் காட்டினார். அதனால் அதன்மேல் புதுப் படிகம் எளிதில் முளைக்கிறது. ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத உருக்கில் நீள் மணிகள் குறைவது இப்படித்தான். ஆக, வேலை செய்தது அளவல்ல, பொருத்தம்.

அளவுதான் முக்கியம் என்பவர்கள் ஹாட்ஃபீல்டு உருக்கைப் பார்க்கட்டும். 1882இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்தது. மாங்கனீசு சுமார் 12 சதவீதம், கார்பன் 1.2. இவ்வளவு கலப்பிருந்தும், சூடாக ஊற்றினால் மணிகள் கண்ணுக்கே தெரியும் அளவு பருக்கின்றன. சாதாரண உருக்கில் இந்தக் குறையை நார்மலைசிங் தீர்த்துவிடும்; சூடேற்றி ஆற்றுகையில் படிக அமைப்பே மாறிப் புது மணிகள் பிறக்கும். ஹாட்ஃபீல்டு உருக்கோ உறைந்தது முதல் ஆஸ்டினைட் என்ற ஒரே படிக அமைப்பிலேயே நிற்கிறது. 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினால் கார்பைடு கரையும், மணி சிறுக்காது. ஜா பிளேட்டோ ரயில் கிராசிங்கோ வார்ப்பவர் கலவைச் சீட்டை எத்தனை முறை திருத்தினாலும், ஊற்றும் சூட்டைத் தணிக்காமல் அந்த மணிகளைச் சிறிதாக்குவது கடினம்.